வெந்நீர் வைத்த கடல்

நின்றுபோன என்ஜினை ஓட வைப்பது என் தொழில். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஃபைபர் போட் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ஒரு என்ஜின் நின்றால் பிளக் அடைத்திருக்கும், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும், இல்லையென்றால் சொந்தக்காரன் கஞ்சனாக இருப்பான். நாலாவதாக ஒரு காரணத்தை நான் பார்த்ததில்லை. காத்து, கருப்பு, நடுக்கடலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எவனாவது ஆரம்பித்தால், "சரக்கு எங்க வாங்கின நைனா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். இதைக் கேட்டு முடித்ததும் நீங்களும் என்னிடம் அதைத்தான் கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் அன்றைக்கு நான் டீ கூடக் குடிக்கவில்லை.

அன்று போகி. போகி விடியலில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாய், டயர், பழைய துணி எல்லாம் தெருத்தெருவாக எரியும், அந்தப் புகை மார்கழிப் பனியோடு கலந்து இறங்கும், மணலிப் பக்கத்து ஆலை நாற்றமும் வந்து சேர்ந்துகொள்ளும், திருவொற்றியூர் ஸ்டேஷனில் நிற்கிற ரயில் பிளாட்பாரத்தில் இருப்பவனுக்கே தெரியாது. அன்றைக்கு அந்தப் புகைமூட்டம் கரையோடு நிற்கவில்லை, கடலுக்குள்ளும் போய்ப் படுத்துவிட்டது. எதற்காக அதில் கடலுக்குப் போனோம் என்று கேட்பீர்கள். காணும் பொங்கலுக்கு மீன் விற்கிற மாதிரி வருஷத்தில் வேறு எந்த நாளும் விற்காது, அதுதான் காரணம்.

போட் எல்லப்பனுடையது. அவனும் நானும் ஒரே வகுப்பில் ஒன்றாகத் தோற்றவர்கள். அவன் என்ஜினை முந்தின வாரம்தான் நான் சர்வீஸ் செய்து கொடுத்திருந்தேன், அதில் ஏதோ சத்தம் வருகிறது என்று விடியும் முன்னாலேயே வந்து கதவைத் தட்டினான். "சர்வீஸ் பண்ணது நீ. சத்தம் இன்னான்னு நீயே வந்து கேளு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். மூன்றாவது ஆள் தேசப்பன், என் பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. பயல் சின்னக் குழந்தை மாதிரி, எதற்கும் சிரிப்பான். கிளம்பும்போது என் பெண்டாட்டி வாசலில் நின்று, "அவன பாத்துக்கோ" என்றாள். அவள் எப்போதும் சொல்வதுதான், நானும் எப்போதும் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனேன்.

எண்ணூருக்கு நேராக நல்ல ஆழத்தில் வலையைப் போட்டு, வெளுத்த பிறகு இழுக்க ஆரம்பித்தோம். வெளுத்தது என்றால் கறுப்பு மூட்டம் வெள்ளை மூட்டமாக ஆனது, அவ்வளவுதான். போட்டின் முனையில் நிற்கிற எல்லப்பன் எனக்குப் பாதிதான் தெரிந்தான். வலையில் ஒரு திருக்கை வந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. திருக்கை வந்தால் முதல் வேலையாக வாலில் இருக்கிற முள்ளை ஒடித்துப் போட வேண்டும், அது எங்கள் பக்கம் நடக்கப் பழகுகிற குழந்தைக்குக் கூடத் தெரியும். தேசப்பன் வலையை மடிக்கப் பின்னால் காலை வைத்தான், அது வாலைச் சுழற்றிக் கெண்டைக்காலில் இறக்கிவிட்டது.

அவன் போட்ட சத்தத்தில் நான் வலையைக் கைவிட்டுவிட்டேன். முள் உள்ளே போய்க் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ரத்தம் போனதைவிட வலிதான் அவனை வதைத்தது. திருக்கை விஷம் அப்படி, நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறும், கால் முழுக்கத் தொடை இடுக்கு வரைக்கும் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை விட்டுத் திருப்புகிற மாதிரி என்று அவனே பிறகு சொன்னான். எல்லப்பன் ஓடி வந்து வலைக்கயிற்றை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிவிட்டான்.

"கட்டாதடா! இத்த கட்டக்கூடாதுன்னு அன்னிக்கி சொன்னாங்கல்ல" என்று கத்தினேன்.

"வெசம் ஏறுதுடா டேய்!"

"காலே போய்டும்டா, அவுரு!"

சண்டை போட்டுக் கயிற்றை அறுத்தேன். துறைமுகத்தில் ஒரு தடவை முதலுதவி வகுப்பு நடத்தினார்கள். பிரியாணி போடுகிறார்கள் என்று போனவன் நான், பாதி வகுப்பில் தூங்கியும் விட்டேன். ஆனால் திருக்கை குத்தினால் இறுக்கிக் கட்டாதே, காயத்தை அலசு, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வை, வலி விடும், சூடு ஆற ஆற மாற்றிக்கொண்டே இரு, கரைக்குக் கொண்டு போ என்பது மட்டும் எப்படியோ மண்டையில் தங்கியிருந்தது. அந்த வகுப்பில் ஆளுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும் கொடுத்திருந்தார்கள். எல்லப்பன் பெட்டியைத் திறந்தேன். உள்ளே தூண்டில், பீடிக்கட்டு, ஒரு செல்போன் சார்ஜர். மருந்தெல்லாம் எங்கே என்றால், அவன் வீட்டுப் பசங்க சைக்கிளிலிருந்து விழுந்து விழுந்து தீர்ந்துவிட்டதாம்.

ஃபைபர் போட்டில் வெந்நீருக்கு எங்கே போவது? அடுப்பு கிடையாது. எனக்கு என்ஜின் ஞாபகம் வந்தது. அவுட்போர்டு என்ஜின் கடல்தண்ணீரை உறிஞ்சித் தன் சூட்டைத் தணித்துக்கொண்டு பின்பக்கம் ஒரு சின்னத் துளை வழியாகப் பீச்சும், அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். எல்லப்பனிடம் கரையைப் பார்த்து விடச் சொல்லிவிட்டு வாளியில் அதைப் பிடித்துப் பிடித்து அவன் காலில் ஊற்றினேன். கொஞ்சம் கேட்டது. அலறல் குறைந்து அழுகையானது. "மாமா, அக்காவாண்ட சொல்லாத மாமா" என்றான். "நீயே வூட்டுக்கு வந்து சொல்லாம இருந்துக்கோ" என்றேன்.

அப்போதுதான் என்ஜின் ஒரு உதறு உதறி நின்றது. எவனோ அறுத்து விட்ட பழைய வலை ஒன்று கடலில் மிதந்திருக்கிறது, தண்ணீருக்குள் சுற்றுகிற என்ஜின் விசிறியில் பாய் சுருட்டின மாதிரி சுற்றிக்கொண்டது. எல்லப்பன் என்ஜினைத் தூக்கிச் சாய்த்து, கத்தியோடு குப்புறத் தொங்கி அறுக்க ஆரம்பித்தான். நைலான் வலை, கம்பி மாதிரி இறுகியிருந்தது. கரைக்குப் போன் போட்டால் சிக்னல் ஒரு கோடு கூடக் காணோம். நான் தேசப்பன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெந்நீர் நின்றதும் வலி வட்டியோடு திரும்பி வந்தது. முதலில் துள்ளினான், அடக்க முடியவில்லை. பிறகு வாந்தி எடுத்தான். பிறகு துள்ளுவதை நிறுத்திவிட்டான். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாகிவிட்டது. உதடு வெளுத்துவிட்டது, நெற்றியெல்லாம் ஐஸ் தண்ணீர் மாதிரி வேர்வை, கையைப் பிடித்து நாடி பார்த்தால் விரலுக்கு அகப்படவில்லை. கன்னத்தில் தட்டிக் கூப்பிட்டேன், கண்ணைத் திறக்கவில்லை. நான் சாமியெல்லாம் கும்பிடுகிறவன் இல்லை. அப்போதும் கும்பிடவில்லை, "சுடுதண்ணி, கொஞ்சம் சுடுதண்ணி இருந்தா போதுமே" என்று வாய்விட்டுப் புலம்பினேன், யாரிடம் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

வாந்தியைக் கழுவ வேண்டும் என்று வாளியைக் கடலில் விட்டு மொண்டேன். கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

கடல் சுட்டது.

வெதுவெதுப்பு இல்லை, குளிக்க வைக்கிற வெந்நீர்ச் சூடு. வாளியில் ஆவி பறந்தது. எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது, ஏனென்றால் எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. எண்ணூர் முகத்துவாரத்தில் மின் நிலையத்துச் சுடுதண்ணீர் வந்து விழும். எங்கள் ஊர் இறாலையெல்லாம் அவித்துக் கொன்ற தண்ணீர் என்று வருஷக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறோம், கொடி பிடித்துச் சாலையில் உட்கார்ந்திருக்கிறோம். நீரோட்டம் எங்களை அங்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது, கரை பக்கத்தில் இருக்கிறது, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

"முகத்துவாரம் வந்துட்டோம்டா! நங்கூரத்தப் போடு, தள்ளிக்கினு போய்டப் போவுது" என்றேன்.

எல்லப்பன் நங்கூரத்தை விட்டான். கயிறு போனது. போனது, போய்க்கொண்டே இருந்தது. முகத்துவாரத்தில் நின்றால் ஆள் இடுப்பளவுதான் தண்ணீர் இருக்கும். சுருட்டி வைத்திருந்த கயிறு முழுக்கத் தீர்ந்து, கட்டியிருந்த முனை நாண் மாதிரி விறைத்து நின்றது. அடியில் தரையே தட்டவில்லை.

"முகத்துவாரமாவது மண்ணாங்கட்டியாவது" என்றான் எல்லப்பன். குரல் மாறியிருந்தது. தண்ணீரில் ஒரு விரலை விட்டு மோந்து பார்த்தான். "அந்தத் தண்ணில சாம்பல் நாத்தம் அடிக்கும்டா. இதுல ஒண்ணுமே இல்ல."

அதையெல்லாம் யோசிக்க எனக்கு நேரமில்லை. "நீ அறு" என்று சொல்லிவிட்டு வாளியில் தேசப்பன் காலை வைக்கப் போனேன். என் முழங்கையை விட்டுப் பார்த்தேன், பொறுக்கவில்லை. "ரொம்ப சுடுது, தோல் வெந்துடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாளியைக் கொட்டிவிட்டு மறுபடி மொண்டேன். இந்தத் தடவை சரியாக இருந்தது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதம்.

காலை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் புருவம் தளர்ந்தது. மூச்சு இழுத்து விட்டான். நான் காலைத் தடவிக்கொண்டே இருந்தேன், வாளித் தண்ணீர் ஆறியது, கொட்டிவிட்டு மொண்டேன், கடலும் ஆறினாற்போல இருந்தது. "ஆறிப்போச்சே" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன், சத்தியமாக யாரிடமும் சொல்லவில்லை. விரலை எடுக்கும் முன்னாலேயே தண்ணீர் அடியிலிருந்து சூடேறி வந்தது, யாரோ சொம்பில் கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் கலந்து பதம் பார்க்கிற மாதிரி. நம்பினால் நம்புங்கள். நான் நம்பாமல்தான் இன்னொரு தடவை "சூடு ஜாஸ்தி" என்றேன். தணிந்தது.

எல்லப்பன் பின்னாலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். "டேய். அத்தாண்ட பேசாத" என்றான்.

"யாராண்ட?"

"யாராண்டயோ. பேசாத, அவ்ளோதான்."

அவன் சொன்னபடி பேசாமல்தான் இருந்தேன். ஆனால் உங்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயம் இல்லை. அதுதான் இன்றைக்கு யோசித்தால் அதிசயமாக இருக்கிறது. சுற்றிலும் வெள்ளை, தண்ணீரிலிருந்து ஆவி எழும்பி அந்த வெள்ளையோடு கலக்கிறது, துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கிற கப்பல்களின் ஊதல் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது, அது எப்போது நின்றது என்று தெரியவில்லை. எல்லப்பன் கத்தி வலையில் உரசுகிற சத்தம்கூட பக்கத்து வீட்டில் கேட்கிற மாதிரி இருந்தது. போட் ஆடவே இல்லை. எனக்குக் கண்ணைச் செருகியது. தீபாவளிக் காலையில் அம்மா தலையில் எண்ணெய் வைத்து உட்கார வைத்து ஊற்றுவாளே, கண்ணில் சீயக்காய் எரிய எரிய, அடுத்த சொம்பு எப்போது விழும் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரி இருந்தது. யாரோ பக்கத்தில் சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நாம் சொல்வதற்காகக் காத்திருக்கிறார்கள். முகம் தெரியவில்லை, ஆளும் இல்லை, ஆனால் காத்திருப்பது நன்றாகத் தெரிந்தது.

தேசப்பனை வாளியோடு மல்லுக்கட்ட வைக்காமல் போட் ஓரத்துக்கு நகர்த்தி, காலை அப்படியே கடலில் தொங்கவிட்டேன். அவன் கண்ணைத் திறந்து சிரித்தான். "நல்லா கீது மாமா" என்றான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லப்பன் பார்க்காதபடி அழுதேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. எல்லப்பன் "வந்துச்சு!" என்று கத்தினதும்தான் நான் முழித்தேன். வலை கழன்றுவிட்டது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன், என்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. தேசப்பன் காலைத் தூக்கி உள்ளே போட்டேன், எல்லப்பன் நங்கூரத்தைக்கூட முழுசாக ஏற்றாமல் முறுக்கினான். திரும்பிப் பார்க்காமல் ஓடினோம். கொஞ்ச தூரம் போனதும் கையை விட்டுப் பார்த்தேன், மார்கழிக் கடல் எப்படி இருக்குமோ அப்படிச் சில்லென்று இருந்தது.

மூட்டம் விலகினபோது வள்ளூர்ப் பக்கத்து மின் நிலையப் புகைபோக்கிகள் எங்கோ தூரத்தில், தீக்குச்சி அளவுக்குத் தெரிந்தன. நாங்கள் கரைக்குப் பக்கத்திலேயே இல்லை. மின் நிலையத்துத் தண்ணீர் அங்கே வந்திருக்க முடியவே முடியாது. எல்லப்பன் அப்போதுதான் ஞாபகம் வந்து ஜிபிஎஸ்ஸை எடுத்துப் பார்த்தான், என்னிடம் காட்டாமல் பையில் போட்டுக்கொண்டான். கரைக்கு வரும் வழியில் தேசப்பன் பசிக்கிறது என்றான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா காயத்தைத் திறந்து பார்த்து, முள் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடி, ஊசி போட்டு, "நல்ல வேளை, வெந்நீர் வெச்சிருக்கீங்க. சரியா பண்ணியிருக்கீங்க. இல்லேன்னா இந்தக் கால் இப்படி இருக்காது, ஆளும் இப்படி உக்காந்திருக்க மாட்டாரு" என்றார். பிறகு, "போட்ல அடுப்பு இருக்கா?" என்று கேட்டார். "இல்லம்மா." "அப்போ வெந்நீர்?" நான் எல்லப்பனைப் பார்த்தேன். எல்லப்பன், "கடல்லதாம்மா" என்றான். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேர் வாயையும் மோந்து பார்க்கிற தூரத்துக்கு வந்து நின்றுவிட்டு, அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை யாரிடமும் சொல்லியிருக்கவே மாட்டேன். நீரோட்டம், அடியில் ஏதோ சூடு, களைப்பில் மண்டை குழம்பியது என்று ஒரு காரணம் சொல்லித் தூங்கியிருப்பேன். மறுநாள் பொங்கல். தேசப்பன் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தான், தம்பி பிழைத்து வந்த சந்தோஷத்தில் என் பெண்டாட்டி பானையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பொங்கல் வைத்தாள். நான் ஏதோ நினைப்பில் இருந்தேன். அவள் வைத்துக்கொண்டே இருந்தாள், தட்டு நிறைந்து தரையில் விழுந்தது.

"இன்னாய்யா நீ! வாயத் தொறந்து போதும்னு சொன்னாதான நிறுத்துவாங்க!" என்றாள்.

தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். தேசப்பனைப் பார்த்தேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அங்கே சூடு ஜாஸ்தி என்று சொன்னேன், ஆறிப்போச்சு என்று சொன்னேன். என்ஜின் பிடித்ததும் ஓடி வந்துவிட்டோம். போதும் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் காதில் விழ ஆரம்பித்தது. நான் கேட்டு யாரும் சொல்லவில்லை, என்ஜின் வேலைக்கு வருகிறவர்கள் தாங்களாகச் சொல்வது. நடுக்கடலில் ஒரு இடத்தில் வெயில் ஏறின பிறகும் பனி நிற்கிறதாம். அந்த வழியாக வந்தால் வலையில் மீன் கண் வெளுத்து அவிந்து வருகிறதாம். பெட்டியில் வைத்த ஐஸ் அப்படியே தண்ணீராகிவிட்டதாம். எல்லோரும் மின் நிலையத்தைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். நானும் சேர்ந்து திட்டுவேன். எல்லப்பன் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து பீடி வாங்கப் போய்விடுவான். போன மார்கழியில் ஒருவர், எங்கேப்பா பார்த்தாய் என்று கேட்டதற்குக் கை காட்டிய இடம், முன்னால் எல்லோரும் சொன்னதைவிட நன்றாகக் கரைப் பக்கம் இருந்தது.

தேசப்பன் கால் நன்றாக ஆறிவிட்டது. கடலுக்குப் போகிறான், வருகிறான், எதற்கும் சிரிக்கிறான். மூட்டம் போட்ட நாளில் மட்டும் என் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு ஒன்றையே கேட்பான்.

"ஒரு தபா போயி போதும்னு சொல்ட்டு வந்துரலாமா மாமா? பாவம் மாமா, நமக்காக இன்னும் காச்சிகினே கீது."

எனக்கு அவன் போவதும் பயம், போகாமல் இருப்பதும் பயம். போதும் என்று சொன்னால் அது என்ன செய்யும், சரி என்று போய்விடுமா, இல்லை வந்தவனை இருக்கச் சொல்லுமா, எனக்குத் தெரியாது. கையில் இருக்கிற ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த வாரம் பாக்கலாம்டா" என்பேன். அவன் சரி மாமா என்று போய்விடுவான். ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.